பொங்கலன்று கொடுத்த ரத்தம்

ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பில்லுக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. நான் பயந்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். "கூட யாரு வந்திருக்கீங்க?" டாக்டர் அறைக் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி ஷீலா சிஸ்டர் இதைக் கேட்பார். மாத்திரை மாற்றுவதற்கும் தையல் பார்ப்பதற்கும் இந்தக் கேள்வி வராது. நோயாளி தனியாகக் கேட்கக்கூடாத விஷயம் ஒன்று உள்ளே காத்திருந்தால்தான் வரும். என்னை முதன்முதலில் கேட்டபோது எனக்கு இது தெரியாது. "வொய்ஃப் கீழ டீ வாங்கப் போயிருக்காங்க சிஸ்டர்" என்று சாதாரணமாகச் சொன்னேன். "வரட்டும் சார், அவசரமில்ல" என்றார். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் அவசரமில்லை என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பெருங்களத்தூரில் ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறேன். கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் வந்த பிறகு கூட்டம் குறைந்தாலும், பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் ஜங்ஷனில் ஜி.எஸ்.டி. ரோடு நகராது. சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பும். ஊர் முழுக்க அந்த நெரிசலைத் திட்டும். என் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மலத்தோடு ரத்தம் போனதை மூலம் என்று நானே தீர்ப்பெழுதி, தெரிந்தவர் கொடுத்த லேகியத்தைப் பல மாதம் நக்கிக்கொண்டிருந்தேன். படியேறினால் மூச்சு வாங்கியதும் சுமதிக்குப் பொறுமை போய்விட்டது. சுமதி என் மனைவி. காரில் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பின்பக்கமாக ஒரு மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார்கள். உள்ளே கட்டி இருந்தது. அதில் துளியூண்டு கிள்ளி எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. சுமதி டீயோடு மேலே வந்ததும் இருவரையும் உட்காரவைத்துப் பெரிய டாக்டர் சொன்னது இதைத்தான். டீ யாரும் குடிக்காமலேயே ஆறிப்போனது.

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் கீமோ, அதாவது உடம்பில் எங்காவது மிச்சம் மீதி ஒளிந்திருந்தால் கொல்வதற்கான மருந்து. அது ஒளிந்திருப்பதையும் கொல்லும், நாக்கின் ருசியையும் கொல்லும். காரமில்லாத குழைந்த சோற்றையே சுமதியும் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டால் "எனக்கும் அசிடிட்டிங்க" என்பாள். மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு தின்கிறவளுக்கு அசிடிட்டியாம். என் தம்பி ரவி ஆபீசைப் பார்த்துக்கொண்டான். கணக்கு கேட்டால் "நீ முதல்ல உடம்பைப் பாருண்ணா" என்று போனை வைத்துவிடுவான். செலவில் கொஞ்சம் இன்ஷூரன்ஸ் கொடுத்தது, மிச்சத்தைச் சுமதியின் நகை கொடுத்தது. இதற்கு மேல் எழுதினால் கோபித்துக்கொள்வாள்.

கீமோ முடிந்ததும் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார். இந்த நோய் திரும்பி வந்தால் ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு வளரச் சில காலம் பிடிக்குமாம். அதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரியுமா என்று பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட அடையாளத்துக்கு பயோமார்க்கர் என்று பெயர். இவர்கள் பார்த்தது ஒரு புரதத்தை. நான் புரிந்துகொண்டது இப்படி: வீட்டில் எலி இருக்கிறதா என்று தெரிய எலியைப் பார்க்க வேண்டியதில்லை, அரிசி மூட்டையில் ஓட்டை இருந்தால் போதும். புரதம் எவ்வளவு என்கிற எண்ணை எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். புரதம் ஏறியிருந்தால் ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ரத்தம் எடுப்பது எங்களுக்குத் தாம்பரத்தில், பொத்தேரி பக்கத்தவர்களுக்கு அங்கேயே; சோதிப்பது எல்லோருக்கும் பொத்தேரி பக்கத்து லேபில். எங்கள் ரத்தம் அடைத்த சின்னக் குழாய்களை ஒரு வேன் அங்கே கொண்டுபோகும். கையெழுத்துப் போட்டேன்.

ரத்தம் கொடுக்கும் கூடத்தில்தான் வசந்தா அக்கா பழக்கமானார். மேடவாக்கத்தில் ஐ.டி. பிள்ளைகள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். புருஷன் இல்லை, மகன் துபாயில். எனக்கு வந்த அதே நோய், அதே ஆபரேஷன். எப்போதும் தனியாக, ஒரு பெரிய கட்டப்பையோடு வருவார். அதற்குள் தண்ணீர் பாட்டில், ஃபைல், சுண்டல் டப்பா, மாற்றுப் புடவை எல்லாம் இருக்கும். அவர் பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பை என் மடிக்கு வந்துவிடும். "கொஞ்சம் புடி தம்பி, குத்திகினு வந்துர்றேன்" என்று உள்ளே போவார். தனியாக வருகிறவருக்குப் பையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று நானும் நாள் பார்த்து அவரோடு சேர்ந்தே போக ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டோம். அதனால் பண்டிகை வாரத்தில் சோதனை வந்தால் எல்லோரும் முந்தின நாளே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூடத்தில் உட்கார இடமில்லை. நானும் வசந்தா அக்காவும் வெகுநேரம் நின்றுதான் கொடுத்தோம்.

பூஜை முடிந்ததும் போன் வந்தது. ஸ்கேனுக்கு வாருங்கள்.

அந்த மெஷினுக்குள் படுத்திருப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று ஆளில்லாத ஒரு குரல் சொல்லும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ என் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு இன்னும் தெரியவில்லை என்கிற அந்தச் சில நிமிஷம் இருக்கிறதே, அது ஆபரேஷனை விட மோசம். வெளியே வந்ததும் எதிரே நிற்பவரின் முகத்தைத்தான் முதலில் படித்தேன். ஸ்கேன் சுத்தம் என்றார்கள். மறுபடி எடுத்த ரத்தத்தில் புரதமும் இறங்கிவிட்டதாம். ஓட்டை விழுந்திருந்தது, எலியைக் காணோம், இப்போது ஓட்டையையும் காணோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் கொடுத்தேன். மறுபடி போன், மறுபடி மெஷின், மறுபடி சுத்தம். சாதாரண நாளில் எடுத்துப் பார்த்தால் மறுபடி இறக்கம். எனக்குள் என்னவோ வருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, யாரும் தேடிப்போவதற்குள் கிளம்பிவிடுகிறது என்று தோன்ற ஆரம்பித்தது. குளிக்கும்போது வயிற்றுத் தழும்பில் கை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பேன். உள்ளே இருப்பதும் நான் நகர்வதற்காகக் காத்துக்கொண்டு அசையாமல் நிற்பதுபோல இருக்கும். சுமதி கதவைத் தட்டுவாள். "தண்ணி சத்தமே கேக்கலையேங்க?" அவள் வெளியே நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

இது எனக்கு மட்டும் வந்திருந்தால் என் விதி என்று விட்டிருப்பேன். ஸ்கேன் கூடத்தில் பார்த்தால் ஆயுத பூஜைக்குப் பிறகு உட்கார்ந்திருந்த அதே முகங்கள். எல்லோரும் தாம்பரம் பக்கத்தவர்கள். பொத்தேரியிலேயே ரத்தம் கொடுத்த ஒருவர்கூட இல்லை.

"இன்னா தம்பி இது," என்றார் வசந்தா அக்கா. "வியாதியா, இல்ல இனாம் கேட்டுகினு வர்ற ஆளா? கரீட்டா பண்டிகைக்குப் பண்டிகை வந்து நிக்குது. நடுவுல பாத்தா ஒண்ணியும் இல்ல. ஒரே பேஜாரா கீது."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவரவர் ஃபைலைப் பிரித்துத் தேதி பார்க்க ஆரம்பித்தோம். நோய் நாட்காட்டி பார்க்கிறது என்பதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம், காட்டன் சுடிதார், கழுத்தில் மெல்லிய சிலுவைச் செயின். ஆஸ்பத்திரியில் கையில் ஃபைல் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் யாரும் கிடையாது. இவள் கையில் ஃபைல் இல்லை. யாருக்கும் துணையாகவும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வந்து உட்காருவாள். யாரையாவது ரத்தம் எடுக்கக் கூப்பிட்டால் வாட்சைப் பார்ப்பாள். ஆள் வெளியே வந்த பிறகும் ஆளைப் பார்க்க மாட்டாள், குழாய் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பார்ப்பாள். ஒருநாள் அந்தப் பெட்டியின் பின்னாலேயே இறங்கிப்போய் வேனில் ஏறிப் போய்விட்டாள்.

"அந்தப் பொண்ணு யாரு பக்கத்துல குந்துதோ அவங்களுக்கு ஏறுதாம், தெரிமா?" என்றார் வசந்தா அக்கா, என் காதருகே குனிந்து. "தீவாளிக்கு முன்னால அந்தக் குரோம்பேட்டைப் பெரியவர் பக்கத்துல குந்திகினு இருந்திச்சு. அவருக்குப் போன் வந்துருச்சு."

"எல்லாருக்கும்தான் போன் வந்துது, அக்கா."

"எல்லார் பக்கத்துலயும்தான் குந்திச்சு."

படித்தவன்போல அதற்கும் சிரித்தேன். அடுத்த முறை அவள் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தபோது, ஃபேன் காற்று வரவில்லை என்று எழுந்து தள்ளிப் போனவனும் நான்தான்.

பொங்கல் வந்தது. இந்த முறை ஆபீசில் நான்தான் உட்காருவேன் என்று ரவியிடம் சண்டை போட்டு உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் முழுக்க டிக்கெட், கூச்சல், ஹாரன். ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. பொங்கலன்று காலையில் வண்டிச் சாவியை எடுத்ததும் சுமதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? நாளைக்குப் போங்க."

"நாளைக்குப் போனா மட்டும் இறங்கிடுமா?" என்று கத்திவிட்டேன். அவள் வழியை விட்டாள். புதுப்பானை வைத்த அடுப்படிக்குப் போகாமல் நான் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.

அந்தக் காலையில் நான் பார்த்த ஜி.எஸ்.டி. ரோட்டை மறக்க முடியாது. முந்தின நாள் ஊசி விழ இடமில்லாத ஜங்ஷனில் ஒருவருமில்லை. நசுங்கிய தண்ணீர் பாட்டில்கள், கரும்புத் தோகை, ஒற்றைச் செருப்பு. சிக்னல் யாருக்கோ சிவப்பு காட்டி, யாருக்கோ பச்சை காட்டியது. எனக்குச் சிவப்பு விழுந்ததும் பழக்கத்தில் நின்றேன். நான்கு பக்கமும் காலியாக இருக்க, நடு ரோட்டில் தனியாக நிற்கும்போது, எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் மறந்துவிட்டார்கள் என்றொரு எண்ணம் வந்தது. பச்சை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை.

கூடத்தில் வசந்தா அக்கா மட்டும் இருந்தார். நேற்று மாவு அரைத்தே இடுப்பு ஒடிந்துவிட்டதாம். பொங்கலன்று யாரும் இட்லி மாவு கேட்க மாட்டார்கள், அதனால் இன்று வந்தாராம். அந்தப் பெண்ணைக் காணவில்லை. வேறு யாரும் வரவுமில்லை. ஷீலா சிஸ்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்தார். "இன்னைக்கு நீங்க ரெண்டே பேர்தான், வேன் உடனே கிளம்பிடும்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாரன் அடிக்க ஆளே இல்லாத ரோட்டில் எங்கள் இரண்டு குழாய்களைச் சுமந்துகொண்டு வேன் பறந்தது. வசந்தா அக்கா கட்டப்பையிலிருந்து டப்பாவை எடுத்துச் சர்க்கரைப் பொங்கலை மூடியில் வைத்துக் கொடுத்தார். அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் தின்றோம். கீமோவுக்குப் பிறகு முதன்முதலாக நாக்கில் இனிப்பு தெரிந்தது.

பொங்கலுக்குப் பிறகு எனக்குப் போன் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ஆனால் முந்தின நாள் கொடுத்தவர்கள் யாருக்குமே வரவில்லை என்று தெரிந்தபோது விநோதமாக இருந்தது. பதிலாக, ஆராய்ச்சியில் இருக்கும் தாம்பரம்காரர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியின் மேல்மாடி ஹாலுக்கு ஒருநாள் வர வேண்டும் என்று செய்தி வந்தது. போனோம். மேடையில் பெரிய டாக்டர் பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க மெர்சி. எங்க ஆராய்ச்சியோட பயோஸ்டாடிஸ்டிஷியன்," என்றார் டாக்டர்.

"அய்யே, இந்தப் பொண்ணா!" என்று வசந்தா அக்கா சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது.

மெர்சி சிரித்துவிட்டார். (அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அவள், இவள் என்று எழுத வரவில்லை.) "நான் உங்களை பயமுறுத்திட்டேன்னு சிஸ்டர் சொன்னாங்க, சாரி," என்று ஆரம்பித்தார். "டாக்டர் உங்களைப் பார்ப்பார். லேப்ல உங்க ரத்தத்தைப் பார்ப்பாங்க. நான் எல்லாரோட எண்களையும் ஒண்ணா வச்சுப் பார்க்கறேன். ஒரு எண் ஏறினா அது நோயால ஏறிச்சா, இல்ல வேற எதாவதாலயான்னு சந்தேகப்படறதுதான் என் வேலை. உங்க எண்கள் பண்டிகைக்குப் பண்டிகை ஏறுது. நோய்க்கு காலண்டர் தெரியாதுங்க. காலண்டர் பார்த்து ஒண்ணு ஏறுதுன்னா, அதைச் செய்யறது நோய் இல்ல, நாம. நாம என்ன செய்யறோம்னு பார்க்கத்தான் வந்து உட்கார்ந்தேன்."

அவர் சொன்னது இதுதான். எடுத்த ரத்தத்தைச் சீக்கிரமே ஒரு மெஷினில் வைத்துச் சுழற்றி, சிவப்பை அடியில் தள்ளி, மேலே தெளிந்து நிற்கும் நீரைப் பிரித்துவிட வேண்டும். அந்த நீரில்தான் புரதத்தை அளக்கிறார்கள். அந்த மெஷின் பொத்தேரியில் இருக்கிறது. நேரமானால் சிவப்பணுக்கள் உடையும். அதே புரதம் சிவப்பணுக்குள்ளும் கொஞ்சம் உண்டு. உடைந்தால் கசிந்து நீரில் கலந்துவிடும். பண்டிகைக்கு முந்தின நாள் நாங்கள் அனைவரும் சேர்ந்துபோய்க் கொடுத்த ரத்தம் எல்லாம் பெருங்களத்தூர் ஜங்ஷனில் வேனுக்குள் மணிக்கணக்காக நின்றிருக்கிறது. இந்தச் சந்தேகத்தால்தான் பொங்கலுக்குப் பிறகு யாரையும் ஸ்கேனுக்குக் கூப்பிடாமல் நிறுத்திவைத்தார்களாம். இனிமேல் தாம்பரத்திலேயே மெஷின் வைக்கிறார்களாம்.

பெரிய டாக்டர் மைக்கை வாங்கி, "புரதம் இவ்வளவு பேருக்கு முன்கூட்டியே ஏறுதுன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன். ஊரெல்லாம் சொல்லிடலாம்னேன். இவங்கதான் விடல," என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு மனசு இருந்தது, அது பெரிய விஷயம்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் என் ரத்தம் கெட்டு, எனக்கு நோய் வந்துவிட்டதாக நானே பயந்திருக்கிறேன். பிறகு கண்ணீர் வந்தது. மாதக்கணக்காக உள்ளே நின்றுகொண்டிருந்த ஒன்று அந்த நிமிஷம் வெளியேறிவிட்டது. அது இருந்ததே இல்லை.

மெர்சி திரையில் ஒரு படம் போட்டார். ரத்தம் எடுத்த ஒவ்வொரு குழாயும் ஒரு புள்ளி. இடமிருந்து வலமாக வேன் போய்ச் சேர எடுத்த நேரம், கீழிருந்து மேலாக புரதத்தின் அளவு. நேரம் கூடக் கூடப் புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டே போயின. சீக்கிரம் போனவை எல்லாம் இடது பக்கம் அடியில் கிடந்தன.

ஒன்றைத் தவிர. இடது ஓரத்தில், எல்லாவற்றையும் விட வேகமாகப் போய்ச் சேர்ந்த இடத்தில், ஒரு புள்ளி மட்டும் உயரத்தில் தனியாக நின்றது. அதற்கு நேர் கீழே, அடியில், அதே நேரத்தில் போய்ச் சேர்ந்த இன்னொரு புள்ளி.

தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்கு அவ்வளவு சீக்கிரம் போக வருஷத்தில் எப்போது முடியும் என்று எனக்குத் தெரியும். அது என் பிழைப்பு. அன்று வேனில் இருந்தவை இரண்டு குழாய்கள். ஒன்று நான். இன்னொன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது.

"அப்ப நமக்கு ஒண்ணியும் இல்ல, எல்லாம் டிராஃபிக்கு," என்றார் வசந்தா அக்கா, டப்பாவைத் திறந்தபடி. "இந்தா, சாப்புடு தம்பி. இன்னா மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சு?"

கூட்டம் கலைந்ததும் மெர்சியிடம் போனேன். அந்த ஒற்றைப் புள்ளி யார் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது சார். தெரியவும் கூடாது. எனக்கு நம்பர்தான் வரும், பேர் டாக்டர்கிட்ட இருக்கு. பேர் தெரிஞ்சு, அவங்க வேண்டியவங்களா இருந்தா அந்தப் புள்ளியைக் கீழ இழுக்க ஒரு காரணம் கண்டுபிடிச்சுடுவேன்."

"அது நோய்தானா?"

"ஒரு புள்ளியை வச்சு சொல்ல முடியாது. தப்பாவும் இருக்கலாம். ரோடு, குழாய், மெஷின், எல்லாக் காரணத்தையும் தேடினேன், எதுவும் கிடைக்கல. மத்த புள்ளிங்க உயரத்துல இருந்தவரைக்கும் இது கூட்டத்துல ஒண்ணா இருந்துது. அதுங்களை எல்லாம் கழிச்சதும்தான் இது மட்டும் நிக்குது. நம்பரை டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். அவர் கூப்பிட்டுப் பார்ப்பார்."

அது இரண்டு பேரில் ஒருவர் என்று எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். "தேங்க்ஸ் மேடம்" என்று இறங்கிவந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் இந்த நோயிலேயே கொடுமையானவை. முன்பு எனக்குள் ஏதோ இருக்கிறது என்று பயந்தேன். இப்போது அது எங்கள் இருவரில் ஒருவருக்குள் நிச்சயம் இருக்கிறது, எலி எந்த வீட்டில் என்று மட்டும் தெரியவில்லை. கோயிலுக்குப் போனேன். என்ன கேட்பது? எனக்கு இருக்கக் கூடாது என்று கேட்டால் அவருக்கு இருக்கட்டும் என்று கேட்டதாகும். கை கூப்பியபடி எதுவும் கேட்காமல் நின்றுவிட்டு வந்தேன். பொய். வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டேன். எனக்கு வேண்டாம் என்றுதான் கேட்டேன்.

வசந்தா அக்காவிடமிருந்து போன் வந்தது. "டாக்டரு என்னிய வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தாங்கோ தம்பி. வியாயக்கெயம வந்து பாக்கணுமாம். நீயும் அன்னிக்குத்தான வர்ற?" எனக்கு அன்று வழக்கமான செக்கப் இருந்தது. எனக்கு ஸ்கேன் எடுக்கவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எடுக்காமலே கூப்பிட்டுச் சொல்வார்களோ என்றும் தோன்றியது. சுமதியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூட யாரும் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க முடியாது என்று ஒரு கிறுக்குக் கணக்கு.

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் வீணாகக் கலங்க வேண்டாம். வசந்தா அக்காவின் கல்லீரல் ஓரத்தில் அது திரும்பி வந்திருந்தது. சுண்டைக்காய் அளவுகூட இல்லை. அந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் ஸ்கேனில் கண்ணுக்குப் பட்டது என்றார் டாக்டர். வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது மறுபடி மாவு அரைக்கிறார்; என் பங்குக்கு வாரம் ஒரு டப்பா வருகிறது. நானும் நன்றாக இருக்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்தது அந்த வியாழக்கிழமையை எழுதத்தான். இருவரும் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. ஷீலா சிஸ்டரின் தலை மட்டும் வெளியே வந்தது. அவர் கண் முதலில் என் மேல் பட்டு, நகர்ந்தது.

"வசந்தாம்மா, வாங்க."

அக்கா எழுந்தார். வழக்கம்போல கட்டப்பையை என் மடியில் வைத்தார். சிஸ்டர் நகரவில்லை.

"கூட யாரு வந்திருக்கீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. பிழைத்தேன், நான் இல்லை, நான் இல்லை என்று உள்ளே ஏதோ துள்ளியது. பொங்கலன்று அவர் கொடுத்த இனிப்பு மறுபடி நாக்கில் தெரிந்தது. அதை விழுங்கி அடக்குவதற்குள் அக்கா என் தோளில் கை வைத்துவிட்டார்.

"இன்னா சிஸ்டர், புச்சா கேக்குற? அதான் என் தம்பி கீறாரே," என்றார் சிரித்துக்கொண்டு. "ஏந்துரு தம்பி, டாக்டரு கூப்புடறாரு பாரு."

கட்டப்பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.